பிறப்பும் செயலும்: மரபணு ஊக்கச் சோதனை எழுப்பும் அறச்சிக்கல்

புதுதில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் இயங்கும் தேசிய ஊக்கமருந்துச் சோதனைக்கூடம் 2008இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஏற்பைப் பெற்றது. 2019இல் அவ்வேற்பு நிறுத்திவைக்கப்பட்டு, 2021 இறுதியில் மீள வழங்கப்பெற்றது. இத்தகைய கூடங்களின் பணிக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. தடைசெய்யப்பட்ட பொருள் வீரரின் உடலில் காணப்படின் அதுவே குற்றமாகும். எவ்வாறு வந்தது என்பது தண்டனையின் அளவைப் பற்றிய வினாவாகவே பெரிதும் அமையும். மருந்துக்குப் பொருந்தும் இவ்விதி, 2003 முதல் தடைக்குள்ளாகியுள்ள மரபணு ஊக்கத்திற்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. மரபணு இல்லாத உடல் இல்லையன்றோ!

சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின், குருதியில் சிவப்பணுக்களைப் பெருக்கி ஓட்ட வீரரின் தாங்குதிறனை மிகுவிப்பது. இதற்குரிய மரபணு இயற்கையில் தொடர்ச்சியாக அமைவதில்லை. புரதக் குறிப்புடைய பகுதிகளுக்கு நடுவே குறிப்பற்ற இடைப்பகுதிகள் அமைந்துள்ளன. வெளியிலிருந்து செலுத்தப்படும் மரபணுவிலோ, அதனைச் சுமந்துசெல்லும் நச்சுயிரியினுள் அடங்கவேண்டி, இவ்விடைப்பகுதிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். வெள்ளணுக்களிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.வில் குறிப்புடைய பகுதிகள் இடையீடின்றி ஒட்டிய இடம் தென்படின், அது பிறப்பில் வந்ததன்று என்பது பெறப்படும். சோதனை தேடுவது மனிதக் கை பட்ட தழும்பையே எனலாம். இதன் அறவலிமை இங்கேதான் உள்ளது.

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்ட்டிராந்தா 1960 முதல் 1968 வரையிலான ஒலிம்பிக் போட்டிகளில் ஏழு பதக்கங்கள் பெற்றவர். அவர்தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த மரபணு மாற்றம் ஒன்று சிவப்பணுக்களை இயல்பினும் மிகுவித்தமை 1993இல் விளக்கப்பட்டது. அம்மாற்றத்தின் பொருட்டு எப்பதக்கமும் பறிக்கப்படவில்லை. ஊழையும் ஆள்வினையுடைமையையும் வேறுவேறு அதிகாரங்களில் வைத்த வள்ளுவர் மரபில் வந்த நமக்கு இது முரணாகத் தோன்றாது.

ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜனுக்கு நேர்ந்தது வேறு. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வென்ற வெள்ளிப்பதக்கம் பாலினச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. மகளிர் பிரிவுக்கு எல்லை வேண்டும் என்னும் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு மகளிர் பிரிவுக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியதும் அவ்வாதத்தின் வழியே. எனினும் தகுதி வரையறுப்பது வேறு, களவு கண்டுபிடிப்பது வேறு. பிறப்பைச் செயலாகக் கொண்டு, களவாடியவரிடமிருந்து மீட்பதுபோல் ஒருவர் ஓடி வென்றதைப் பறிப்பது நீதியாகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இனி, இடைப்பகுதிகளை நீக்காது, உள்ள மரபணுவிலேயே ஓரெழுத்தை மட்டும் திருத்தும் முறை விளையாட்டில் நுழையுமாயின், மான்ட்டிராந்தாவின் குருதியும் திருத்தப்பட்டவரின் குருதியும் சோதனைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அந்நிலையில் சான்றைக் குருதிக்கு வெளியேதான் தேடவேண்டும். 2006இல் ஜெர்மனியின் மாக்டபுர்க் நீதிமன்றத்தில் பயிற்சியாளர் தாமஸ் ஸ்பிரிங்ஸ்டைன் மீது நடந்த வழக்கில் ரெப்பாக்சிஜென் என்னும் மரபணு மருந்தின் பெயர் வெளிப்பட்டது, அவருடைய மின்னஞ்சலிலிருந்து.