இரவிற் சேர்த்தது எதற்காக?

ஹரோவில் வாழும் நம்மிற் பலர், வந்த காலத்தில் இரவிரவாகப் பெற்றோல் நிலையங்களில் நின்று காசு சேர்த்தவர்கள். சேமிப்பு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எப்போது அறமாகின்றது? ஒரு நீர்த்தாவரத்தைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

இந்தியாவிற் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இரணகள்ளி இலையைச் சுவைத்துப் பார்த்து, அது காலையிற் புளிப்பதையும் நண்பகலிற் சுவையற்றுப் போவதையும் கண்டார். அவரது குறிப்பை இலண்டன் லின்னேயன் சங்கம் 1815 இல் வெளியிட்டது. வறண்ட நிலத் தாவரங்கள் பல, நீரிழப்பைத் தவிர்க்கப் பகலில் இலைவாய்களை மூடிவிடும். இரவிலே காபனீரொட்சைட்டை உள்ளெடுத்து அமிலமாக வைத்து, மறுநாள் உணவாக்கும்.

நீரில் மூழ்கி வாழும் செடிக்கு இது எதற்கு? ஆனால் கலிபோர்னியாவின் மழைக்காலக் குளங்களில் வளரும் ஐசோயிற்றீஸ் என்னும் செடியும் இவ்வாறே செய்வதை ஜோன் கீலி 1981 இல் அறிவித்தார். நீரினுள் இவ்வாயு, காற்றில் பரவுவதிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். பகலில் எல்லாச் செடிகளும் ஒளித்தொகுப்புச் செய்ய, குளத்தில் அது தீர்ந்துவிடும். இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து விடுவதால் மீண்டும் நிறையும். அப்போது இச்செடி அதனை எடுத்து மலிக்கமிலமாகக் கலங்களில் வைத்திருந்து, பகலிற் செலவிடுகின்றது. மாலையில் இலையின் புளிப்புக் குறைந்திருக்கும்.

பிறர் கழித்துவிட்டதையே இரவில் எடுப்பதால் இது பதுக்கலன்று. கணக்கெழுதுவோர் மொழியிற் சொன்னால், இரவு வரவு, பகற் செலவு. செலவாகாத அமிலம் வெறும் புளிப்புத்தான்.

1983 இல் ஒரே நாளில் வீடு வாசலை இழந்தவர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அச்சத்தினாற் சேர்ப்பது குற்றமாகாது. ஆனால் பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுக் கடனும் தீர்ந்த பின்னரும் இன்னும் ஒரு வேலை, இன்னும் ஒரு வீடு என்று ஓடினால், விடிந்ததை அறியாமலே இருக்கிறோம். பிள்ளையோடு இருக்கும் நேரமும், ஊரிலுள்ள சகோதரிக்குச் செய்யும் உதவியும், கோயிலில் ஒரு நாள் அன்னதானமும் அந்தச் சேமிப்பின் பகல் அல்லவா?

நமக்கு விடிந்துவிட்டதா என்று அவரவர் வீட்டில் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.