ஞாயிற்றுக்கிழமைக் குதிரைகள்

படம் வரைவேன் என்று ஒருவர் சொன்னதும் நம் ஊரில் பெரும்பாலும் வருகிற அடுத்த கேள்வி, "விக்குதா?" என்பதுதான். கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உழைப்புக்குக் கூலி உண்டா என்று அக்கறையோடு விசாரிக்கிறார், அவ்வளவுதான். ஆனால் வாரம் முழுக்க வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் மொட்டைமாடி அறையில் அக்ரிலிக் டியூபுகளைப் பரப்பிக்கொண்டு குதிரையும் மலைச்சரிவுமாக வரைகிறவருக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். அதைவிடக் கூர்மையான இன்னொரு கேள்வி அவருக்குள்ளேயே கிடக்கிறது. மோனேயும் தெகாவும் போன்ற பிரெஞ்சு ஓவியர்கள் வரைந்துவிட்டுப் போன உலகம் இது. அவர்கள் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது என்று நன்றாகத் தெரிகிறது. பிறகு எதற்கு இன்னொரு குதிரை?

இதற்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்துவிட்டுப் போன ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் ஆன்ரி ரூவார்.

1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில், புகைப்படக் கலைஞர் நாதாரின் பழைய ஸ்டூடியோவில் சுமார் 30 ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி திறந்தார்கள். அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியின் தயவு வேண்டாம் என்று தாங்களே கூடி நடத்தியது. மோனேயின் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' அங்கே இருந்தது. அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் கேலியாக எழுதிய கட்டுரையிலிருந்துதான் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயர் பரவியது. இந்தக் கதை பலருக்கும் தெரியும். அதே சுவர்களில் ஒரு தொழிற்சாலை முதலாளியின் நிலக்காட்சிகளும் தொங்கின என்பது அவ்வளவாகத் தெரியாது. அவர்தான் ரூவார். 1833இல் பிறந்தவர், பாரிஸின் புகழ்பெற்ற பாலிடெக்னிக்கில் படித்த பொறியாளர். குளிர்பதன இயந்திரங்கள், என்ஜின்கள், நகரத்துக்கு அடியில் காற்றழுத்தத்தால் கடிதங்களைத் தள்ளிக்கொண்டு போகும் குழாய்கள் என்று அவருடைய பிழைப்பு முழுக்க இரும்போடுதான். இம்ப்ரெஷனிஸ்டுகள் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் படம் வைத்தார்.

தெகாவும் ரூவாரும் பள்ளித் தோழர்கள். 1870இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது தெகா சேர்ந்த பீரங்கிப் படைப் பிரிவுக்கு ரூவார்தான் அதிகாரி. அங்கே மறுபடி தளிர்த்த நட்பு கடைசிவரை நீடித்தது. 1875 வாக்கில் தெகா தன் நண்பரை வரைந்த படம் இன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரமான கறுப்புத் தொப்பியோடு ரூவார் பக்கவாட்டில் தெரிகிறார். பின்னால் தொழிற்சாலை. தண்டவாளங்கள் தூரத்திலிருந்து ஓடிவந்து சரியாக அவர் தலைக்குப் பின்னே கூடுகின்றன. கையில் தூரிகை இல்லை, ஓவியச் சட்டம் இல்லை. ஓவிய நண்பனை வரையும்போதும் அவர் அன்றாடம் பிழைக்கும் இடத்தோடு சேர்த்தே தெகா வரைந்திருக்கிறார். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. தொழிற்சாலையும் படமும் ஒரே மனிதருக்குள் இருப்பதில் தெகா முரண் எதையும் காணவில்லை.

ரூவாருடைய நிலக்காட்சிகள் அமைதியானவை, மூத்த நிலக்காட்சி ஓவியர் கொரோவின் சாயல் கொண்டவை. முதல் வரிசை ஓவியர் என்று அவரை யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அது அவருக்கே தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. ஏனென்றால் அவர் வீட்டுச் சுவர் முழுக்கக் கொரோ, மில்லே, மானே, தெகா. காலையில் எழுந்ததும் கண்ணில் படுவது கொரோவின் மரங்கள். அப்புறம் வெளியே போய்த் தன் மரத்தை வரைய வேண்டும். எத்தனை பேருக்குக் கை வரும்? தன்னைவிடப் பல மடங்கு பெரியதைத் தினமும் பார்த்து வியந்துகொண்டே, தன்னுடைய சிறியதையும் விடாமல் செய்துகொண்டிருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். திறமை இருக்கிறவர்களிலேயே பலரிடம் அது இருப்பதில்லை. அபாரமான ஒரு படத்தைப் பார்த்த மறுநாள் தூரிகையை மூட்டை கட்டியவர்கள் உண்டு. ரூவார் வியப்பையும் விடவில்லை, வரைவதையும் விடவில்லை.

இதில் அவருக்குக் கிடைத்தது என்ன? கண். நண்பர்களின் படங்களை, உலகம் சீந்தாத காலத்திலேயே, இது தேறும் என்று அவரால் சொல்ல முடிந்தது. ஒரு மாலை வானத்தை வரைந்து தோற்றவருக்குத்தான் இன்னொருவர் அதில் வென்றிருப்பதன் அருமை முழுசாகப் புரியும். 1912இல் ரூவார் இறந்தார். அவருடைய சேகரிப்பு அந்த டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. கம்பியைப் பிடித்துப் பயிற்சி செய்யும் நடனப் பெண்களைக் காட்டும் தெகாவின் படம் ஒன்று மட்டும் நாலு லட்சம் பிராங்குக்கு மேல் போனது. அப்போது உயிரோடிருந்த ஓவியர் எவருடைய படத்துக்கும் கேள்விப்பட்டிராத விலை. தெகாவுக்கு அதில் ஒரு காசு வராது. எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம், பெரிய பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கு வழக்கமான கொள்ளுப்பையே கிடைத்த மாதிரி இருக்கிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் கதை உண்டு. அவர் வாயில் குதிரை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அதே 1874 கண்காட்சியில் தெகா வைத்த படங்களில் ஒன்று குதிரைப் பந்தயத் திடலில் நிற்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. பந்தயம் எங்கோ பின்னால் புள்ளிகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் வண்டிக்குள் எல்லோர் கவனமும் ஒரு கைக்குழந்தை மேல். வண்டியையும் குதிரைகளையும் சட்டத்தின் விளிம்பு சட்டென்று வெட்டுகிறது. போகிற போக்கில் கண்ணில் பட்ட காட்சி மாதிரி இருக்கும். ஆனால் தெகா குதிரைகளை வெட்டவெளியில் அவசரமாகத் தீட்டியவர் அல்லர். பார்த்து, குறிப்பெடுத்து, பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து கட்டியவர்.

குதிரை ஏமாற்ற விடாது. மரத்தில் ஒரு கிளை கூடிப் போனால் யாருக்கும் தெரியாது. குதிரையின் பின்னங்கால் விரல்கடை நீண்டால் ஓவியமே தெரியாத ஆளும் "என்னமோ இடிக்குதே" என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் வரைபவர்கள் பலர் மனிதக் காலை மனதில் வைத்துக்கொண்டு வரைவதால் வரும் வினை அது. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று எண்ணுவது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலின் நடுவில் பின்பக்கமாகத் துருத்தும் மூட்டு, குதிகால். அசல் முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு காலிலும் ஒற்றை நடுவிரல், அதன் நகம்தான் குளம்பு. அந்த நகத்தின் மேல் அவ்வளவு எடையும் நிற்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1750களில் ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் 18 மாதங்கள் செத்த குதிரைகளை அறுத்து அறுத்து வரைந்தார். 1766இல் அது புத்தகமானது. இன்று அந்தப் பாடம் ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளக் கிடைக்கிறது என்றால், அது ஸ்டப்ஸ் பட்ட பாடு.

ஓடும் குதிரை இன்னும் கடினம். முன்கால் இரண்டும் முன்னே, பின்கால் இரண்டும் பின்னே, அம்பு மாதிரி நீண்டு பறக்கும் குதிரைகளைத்தான் ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்தார்கள். லூவ்ரில் இருக்கும் ஜெரிகோவின் 'எப்சம் பந்தயம்', 1821, அப்படித்தான் பறக்கிறது. மெஸ்ஸோனியே என்ற பிரபல பிரெஞ்சு ஓவியர் உண்மையைப் பிடித்தே தீருவது என்று தன் தோட்டத்தில் சிறு தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஓடும் குதிரையை உற்றுப் பார்த்தார். 1878 ஜூனில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்தபோது விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. நாலு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு. ஆனால் அப்போது அவை நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருக்கின்றன. மெஸ்ஸோனியே மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. 1881இல் மைபிரிட்ஜைத் தன் வீட்டுக்கு அழைத்து, பாரிஸின் ஓவியர்கள் முன்னால் அந்தப் படங்களைக் காட்ட வைத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய தெகா, மைபிரிட்ஜின் படத்தொகுதியைப் பார்த்துப் பார்த்து வரைந்தார், மெழுகில் குதிரைகள் செய்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரை வரைந்து பெயர் பெற்றவர் மறுபடி பாடம் படிக்க உட்கார்ந்தது சிறிய விஷயமல்ல.

சிற்பி ரோதான் மட்டும் ஜெரிகோவின் பக்கம் நின்றார். புகைப்படம் காலத்தை நிறுத்திவிடுகிறது, காலமோ நிற்பதில்லை, ஆகவே ஓவியரே உண்மையைச் சொல்கிறார் என்பது அவர் வாதம். இந்த வழக்கில் ரோதான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மடங்கிய காலை அறிந்த பிறகு அதை மீறுவதும், அறியாமலே நீட்டி வரைவதும் வேறு வேறு.

கைபேசியில் கிடைக்கும் ஒரு குதிரைப் படத்தை அப்படியே பார்த்து வரைவது இன்று பலரின் வழி. தவறில்லை. ஆனால் நேரில் பார்க்காத குதிரைக்கு நிறம் வராது. மெரினாவில் சவாரிக்கு நிற்கும் ஒரு செம்பழுப்புக் குதிரையைச் சாயங்கால வெயிலில் பார்க்கலாம். பழுப்பு என்று சொல்லிவிட்டு நகர முடியாது. முதுகின் மேல்தளத்தில் வானத்தின் நீலம் மெல்லிசாகப் படிந்திருக்கும். வயிற்றின் அடியில் மணலிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம், ஒரு மஞ்சள் ஆரஞ்சாக. கழுத்து மடிப்பின் நிழலில் ஊதா. கறுப்பு எங்கேயும் இல்லை. இம்ப்ரெஷனிஸ்டுகள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். மங்கலாகத் தீட்டினால் இம்ப்ரெஷனிசம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். 1890–91இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது மோனே பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறியதும் ஒன்றைக் கீழே வைத்து அடுத்ததை எடுத்தார். பத்து மணி நிறம் பதினொரு மணிப் படத்தில் வந்துவிடக் கூடாது என்ற கண்டிப்பு.

அவர்களுக்கு இருந்தது தைல வண்ணம். காய நாள் கணக்கில் ஆகும், ஈரத்தின் மேல் ஈரமாகக் குழைக்கலாம். ஓவியர்களுக்கான, நீரில் கரையும் அக்ரிலிக் 1950களின் நடுவில்தான் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. நம் வீடுகளில் பலருக்கு அதன் முதல் அறிமுகம் சேலையில் பூப் போடும் ஃபெவிக்ரில் புட்டி. நிறத்தூளைத் தாங்கி நிற்பது பால் போன்ற ஒரு பிளாஸ்டிக் கலவை. தண்ணீர் ஆவியானதும் அந்த நுண்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெளிந்த படலமாகின்றன. பால் வெண்மை போய்விடுவதால் நிறம் ஒரு படி இருண்டுவிடும். நேற்றுக் கலந்த பழுப்பை இன்று அதே மாதிரி கலக்கத் திணற வேண்டியிருப்பது இதனால்தான். சித்திரை வெயிலில், ஃபேன் காற்றில், பேலட்டில் பிதுக்கியது நிமிஷத்தில் தோல் கட்டிவிடும். ஈரத்துணியை அடியில் விரித்து, அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். வானத்தை மெதுவாகக் குழைக்க நினைப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்தான்.

ஆனால் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனிக் கீற்றாக வைக்க விரும்புகிறவருக்கு அக்ரிலிக் வரம். முதல் கீற்று காய்ந்துவிட்டதால் ஊதாவும் ஆரஞ்சும் கலந்து சகதியாகாது. அலுவலகம் விட்டு வந்து சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் அது தோதானது. வேகமாகக் காய்வதாலேயே வேகமாக முடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1967இல் அக்ரிலிக்கில் வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' நீச்சல் குளத்தில் தெறிக்கும் நீரைக் காட்டுகிறது. இரண்டு விநாடியில் அடங்கிவிடும் அந்தத் தெறிப்பை வரைய அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

வயதாகிவிட்டது என்று தயங்குபவர்களுக்குத் தாகூரை நினைவூட்டினால் போதும். முறையாக ஓவியம் படிக்காதவர், அறுபதைக் கடந்து தீவிரமாக வரையத் தொடங்கி, 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார்.

வேலையா, படமா என்ற இழுபறி இம்ப்ரெஷனிஸ்டுகளிலேயே இன்னொருவருக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. அர்மான் கியோமேன் முதலில் ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு பகலில் வரைவதற்காகப் பொதுப்பணித் துறையில் இரவு வேலைக்குப் போனார். 1891இல் லாட்டரியில் ஒரு லட்சம் பிராங்கு விழுந்ததும் வேலையை விட்டுவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. மீதிக் காலம் முழுக்க நிலக்காட்சிகள்தான். லாட்டரி விழாத ரூவாரின் வாழ்க்கையைவிட அவருடையது மேல் என்று சொல்லத் தோன்றவில்லை. இரவு வேலை பார்த்த அந்த ஆண்டுகளிலும் அவர் முழு ஓவியராகத்தான் இருந்தார்.

கால் கோணலாகிப்போன குதிரைப் படத்தை என்ன செய்வது? அக்ரிலிக்கில் மூடிவிட்டு மேலே வரையலாம், அடுத்த வாரமே. சிலர் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்கள். கண்ணில் படும்படி வைப்பது நல்லது, எங்கே பிசகியது என்று ஒருநாள் தானாகவே தெரியவரும். தெகா 1866 சலோனில் ஒரு படம் வைத்தார். தடை தாண்டும் பந்தயத்தில் கீழே விழுந்து கிடக்கும் ஜாக்கி, அவனைக் கடந்து பாயும் குதிரைகள். அவருக்கு அது திருப்தி தரவில்லை. 1880 வாக்கில் எடுத்துத் திருத்தினார். 1897 வாக்கில், அறுபது தாண்டிய பிறகு, மறுபடியும் எடுத்துத் திருத்தினார். அந்தப் படம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.