மணமகள் கூந்தலும் மயிலை நேமிநாதரும்

சென்ற ஆண்டு தியாகராய நகரில் ஒரு மண்டபத்தில் என் தம்பி மகளுக்குத் திருமணம் நடந்தது. கதிரவன் எழுந்தபின் மணமகளுக்குப் பால் எடுத்துச் சென்றேன். அறையினுள் கூந்தல் ஒப்பனை நடந்துகொண்டிருந்தது. ஒரு நடிகை தம் திருமணத்தில் முடித்திருந்த கொண்டையின் படம் கைப்பேசியில் விரிந்திருக்க, அதைப் பார்த்துப் பார்த்து ஒப்பனைப் பெண்மணி வாரிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த உருண்டை பிரஷ்ஷைப் பற்றி யாரோ கேட்க, "இது நைலான் இல்லை, அசல் பன்றி முடி. பளபளப்பு இதில்தான் வரும்" என்று பெருமையுடன் கூறினார். என் நெஞ்சு துணுக்குற்றது. ஆயினும் பாலை வைத்துவிட்டு, வாய் திறவாமல் வெளியே வந்துவிட்டேன். அந்த மௌனம் தகுமா என்பதே என்னை இன்றளவும் வருத்தும் வினா.

திரைக்கலைஞரைப் போல முடி திருத்திக்கொள்ளும் ஆசை இன்று முளைத்ததன்று. எம்.கே. தியாகராஜ பாகவதரின் நாளில் 'பாகவதர் கிராப்பு' தமிழ்நாட்டு இளைஞரை ஆட்கொண்டிருந்தது. 1960இல் 'லவ் இன் சிம்லா' என்னும் இந்திப் படம் வெளிவந்தபின், நெற்றியில் முடியைக் கத்தரித்துவிடும் 'சாதனா கட்' நாடெங்கும் பரவியது. அந்நடிகையின் அகன்ற நெற்றியை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. குறுநெற்றியுடைய மங்கையரும் அதைப் பின்பற்றியிருப்பர்! இதில் பேதைமை உண்டு; பாவம் உண்டென்று சொல்லத் துணியேன். துறவியர் இரண்டு முதல் நான்கு திங்களுக்கு ஒருமுறை தம் கையாலேயே முடியைப் பறித்தெடுக்கும் கேசலோசம் 28 மூலகுணங்களுள் ஒன்று. நாவிதர் கத்தியை எதிர்பாராமை, பேனுக்கும் ஈருக்கும் ஊறு நேராமை, உடற்பற்று அறுதல் ஆகியவை அதன் பயன்கள். இல்லறத்தாரிடம் அதை எவரும் கேட்கவில்லை. சிரவணபெளகொளாவில் 58 அடி உயர்ந்து நிற்கும் பாகுபலியின் தலையிலும் சுருள்முடி அழகுறவே செதுக்கப்பட்டுள்ளது.

ஆகவே வினா கொண்டையைப் பற்றியதன்று, கருவியைப் பற்றியது. பன்றி மயிர், தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெயை நுனிவரை இழுத்துப் பூசுவதால் கூந்தல் மின்னுகிறது. அம்மயிர் பெரும்பாலும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட பன்றிகளுடையது. முடியை நேராக்கும் 'கெரட்டின்' கலவைகளிலும் ஆட்டு மயிர், பறவை இறகு முதலியவற்றிலிருந்து எடுத்த புரதம் சேர்வதுண்டு. அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பது நம் நாட்டில் 2014இல் தடைசெய்யப்பட்டது, நன்று. ஆனால் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதை அத்தடை தொடவில்லை.

"அவள் கொல்லவில்லையே, கொல்லச் சொல்லவும் இல்லையே" எனலாம். உண்மை, இது சங்கல்ப ஹிம்சை அன்று. எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்றாக அன்றோ ஆன்றோர் வினையைப் பகுத்தனர்? விலை கொடுப்பது உடன்படுதலின் ஒரு வடிவமே. அவள் அறியாதவள், அவள்மீது பழி சிறிது. அறிந்தும் வாளாவிருந்தவனிடத்தில்தான் பிரமாதம் என்னும் அசட்டை குடிகொண்டது.

மயிலையில் ஒருகாலத்தில் நேமிநாதர் கோயில் இருந்ததையும், கடல் அரித்தபோது அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டதாகக் கூறுவதையும் வாசகர் அறிவர். குணவீர பண்டிதரின் இலக்கண நூலான நேமிநாதம் அப்பெருமான் பெயரையே தாங்கியது. அவரும் மணக்கோலத்தில் சென்றவரே. விருந்துக்கென்று அடைத்து வைத்த விலங்குகளின் ஓலம் செவியில் விழ, தேரைத் திருப்பினார். மணமகள் இராஜமதியும் துறவு பூண்டாள். சீப்பும் பிரஷ்ஷும் கொண்டு ஒப்பனை செய்யப்பட்டிருந்த தன் கருங்கூந்தலை அவளே களைந்தாள் என்கிறது உத்தராத்தியயன சூத்திரத்தின் 22ஆம் அத்தியாயம். அவ்விலங்குகள் மணப்பந்தலின் அருகிலேயே இருந்தன. நம் காலத்துப் பன்றி எங்கோ தொலைவில் சாகிறது. தியாகராய நகரின் நாதசுர ஒலியில் அதன் குரல் எப்படிக் கேட்கும்?

நான் வாய் திறவாததற்கு மங்கல நாளில் மனக்கசப்பு வேண்டாம் என்பது மட்டும் காரணமன்று. அப்போது என் இடுப்பில் பட்டு வேட்டி இருந்தது. கொதிநீரில் மடிந்த புழுக்களின் கூட்டிலிருந்து வந்த நூலை உடுத்திக்கொண்டு பன்றிக்காக எப்படிப் பரிந்து பேசுவது?

இரண்டு திங்கள் கழித்து அப்பெண் அடையாற்றிலுள்ள எங்கள் இல்லத்துக்கு வந்தாள். அந்த பிரஷ்ஷைப் பற்றி எப்படியோ கேள்வியுற்றிருந்தாள். "உங்களுக்கு அன்றைக்கே தெரியுமாமே, ஏன் பெரியப்பா சொல்லவில்லை?" என்றாள். வேட்டியைப் பற்றி ஒளிக்காமல் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தவள், "அப்படியானால் பீரோவில் இருக்கும் என் கூறைப்புடவையை என்ன செய்வது?" என்று கேட்டாள். அதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.