நின்ற வண்டியும் அனர்த்த தண்டமும்

நெல் விளையும் காவிரிப் படுகையில் காற்று தூயது என்பது நம்மில் பலருடைய எண்ணம். தஞ்சைப் பழைய பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்றவர் அவ்வாறு கூறார். அறுவடைக் காலத்தில் நெல்லேற்ற வரிசையில் நிற்கும் லாரிகளினிடையே நடந்தவரும் கூறார். எவ்வுயிர்க்கும் தீங்கு எண்ணாது வண்டியில் செல்லும் சிராவகரை அப்புகையின் பாவம் சேருமா?

டீசல் புகையின் கரித்துகள், மயிரிழைத் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கினும் சிறியது. நுரையீரலின் அடி வரை செல்லும்; மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கும். ஆஸ்துமா முதல் மாரடைப்பு வரை அதன் தொடர்பு நீளும். இப்புகை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. பெட்ரோலில் கலந்த ஈயமோ குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. நம் நாட்டில் அதன் விற்பனை 2000 பிப்ரவரியில்தான் நின்றது. அதுவரை வண்டி ஓட்டிய எவரும் குழந்தைகளுக்குத் தீங்கு எண்ணியவரல்லர்.

ஆயினும் எண்ணமில்லை என்பதொன்றே நம்மை விடுவிக்காது. தத்துவார்த்த சூத்திரம் இம்சையைப் பிரமாதத்தோடு, அதாவது விழிப்பின்மையோடு, சேர்த்தே வரையறுக்கிறது. தொழிலாலும் இல்லறப் பணிகளாலும் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது. நெல்லேற்றிச் செல்லும் லாரியை நாம் பழிக்கவில்லை. நாம் அஞ்ச வேண்டியது வேறு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், அனர்த்த தண்டத்தின் ஐந்து வகைகளுள் ஒன்றாகப் பிரமாத சரியையைக் கூறுகிறார். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வீணே கலக்குதலும் செடிகொடிகளை வெட்டுதலும் மட்டுமன்றி, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அதில் அடக்குகிறார். மோட்டார் வண்டியைக் கனவிலும் காணாத காலத்து நூல் இது!

கரந்தை ஆதீஸ்வரர் ஜினாலயத்துக்கு மன்னார்குடியிலிருந்தோ தீபங்குடியிலிருந்தோ வேன் பேசி வருகிறோம் என்க. பூசை முடியும் வரை, குளிர்சாதனத்தின் பொருட்டு, வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. தீயும் காற்றும் அலைக்கழிகின்றன, பயணமோ இல்லை. உள்ளே நாம் ஓரறிவுயிர்க்கும் இரங்குகிறோம். வெளியே புகையை உண்பவர்கள் ஓட்டுநரும் பூக்காரியும் தெருப்பிள்ளைகளும், ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்கள். ஓட்டியவர் அவர், நாமல்லோம் எனலாகாது. செய்வித்தலும் உடன்படுதலும் செய்தலோடு ஒக்கும்.

கோடை வெயிலைத் தாங்காத முதியவர் வண்டியிலேயே இருப்பின்? அது பயனுள்ள காரணம். அங்கு அனர்த்தம் என்னும் சொல் பொருந்தாது. பெரும்பாலும் அவ்வேளையில் வண்டி காலியாகவே நிற்கிறது. வாடகை பேசும்போதே, நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். புகைச் சான்றிதழ் காலாவதியாகவில்லையே என்றும் கேட்கலாம். விலை பேசுவதில் நாம் காட்டும் விழிப்பு இதற்கும் போதும்.