குண்டறைக் குரல் யாருக்காக?

நாகர்கோவிலை விட்டு நெல்லை நோக்கிச் செல்வோர், தோவாளையைத் தாண்டியதும், இருபுறமும் மலைகள் ஒதுங்கி வழிவிடும் ஓர் இடத்தைக் காண்பர். ஆரல்வாய்மொழி! இன்று அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் அங்கே குருதி கொட்டிற்று. கர்னல் செயின்ட் லெகர் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கும்பினியின் படை, திருவிதாங்கூரின் காவல் அரணைப் பிளந்து நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தது அன்றுதான். நாகர்கோவில் வீழ்ந்தது. உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் பெரும்போர் இன்றியே பணிந்தன.

கும்பினியை எதிர்த்து நின்றவர் தளவாய் வேலுத்தம்பி. கல்குளம் வட்டத்துத் தலக்குளம் ஈன்ற பிள்ளை. மண்ணடிக் கோயிலில் எதிரிகள் வளைத்துக் கொண்டபோது, பிடிபட்டு வாழ்வதைவிட மடிவதே மேல் என்று உயிர் துறந்தார். உயிரற்ற அந்த உடலையும் விட்டார்களா? திருவனந்தபுரத்துக்கு இழுத்து வந்து கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டனர். பிணத்தோடு போரிட்ட அந்தப் பேடிமையைக் கவர்னர் ஜெனரலாக இருந்த மின்டோ பிரபுவே கண்டிக்க நேர்ந்தது. தலக்குளத்து வீட்டையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆக்கிரமிப்புப் படையின் அறம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்நியப் படையை எதிர்க்கும் உரிமை நாட்டு மக்களுக்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்று ஒரே சொல்லில் விடை பகர்ந்துவிடுவோம். அது கடினமான கேள்வி அன்று. கடினமான கேள்வி வேறொன்று உண்டு. வீரவணக்கம் செலுத்துவோர் அதன் பக்கமே திரும்புவதில்லை. எதிர்த்தவர் எதைக் காக்க எதிர்த்தார்? எவரை அழைத்தார்?

1809 சனவரியில் குண்டறையிலிருந்து வேலுத்தம்பி விடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வெள்ளையன் ஆண்டால் உப்பைத் தன் கைக்குள் அடக்குவான், நிலத்துக்கும் தென்னைக்கும் வரியைக் கூட்டுவான் என்று எச்சரிக்கிறது. உண்மை! நூற்றுக்கு நூறு உண்மை! ஆனால் அத்தோடு நின்றதா? கோயில்களில் சிலுவை ஏறும் என்கிறது. சாதி வேறுபாடு பாராமல் பார்ப்பனப் பெண்களோடு மணம் கலக்கச் செய்வார்கள் என்கிறது. கலியுகத்துக்குரிய முறைகேடுகள் எல்லாம் தலைவிரித்தாடும் என்கிறது. சாதி கலந்துவிடும் என்பது அச்சுறுத்தலாம்! அந்த அச்சத்தில் மக்கள் வாளெடுக்க வேண்டுமாம்!

இந்த அழைப்பு நாஞ்சில் நாட்டு வயலில் நின்ற அடிமையின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அவன் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவன். மாட்டுக்கு ஒரு விலை, மனிதனுக்கு ஒரு விலை என்று பேரம் பேசிய நாடு அது. சாணார் என்று அழைக்கப்பட்ட மக்கள், தலை இருந்த குற்றத்துக்காகத் தலைவரி கட்டினர். கூலியின்றி ஊழியம் செய்தனர். அவர்கள் வீட்டுப் பெண்கள் மார்பை மறைத்தால் குற்றம். குடை பிடித்தால் குற்றம். செருப்பு அணிந்தால் குற்றம். இவர்களை நோக்கி, 'தருமம் அழியப் போகிறது, வாருங்கள்' என்றால், 'அழியட்டுமே' என்று நெஞ்சுக்குள் எண்ணியிருந்தால், அது நாட்டுத் துரோகமா? இல்லை என்போம் நாம். மனிதன் என்றே தன்னை ஏற்காத நாட்டுக்காக உயிர்விடும் கடமை எவனுக்கும் இல்லை. கடமையில் தவறியவன் அவன் அல்லன், அழைத்தவர்கள்!

'வீடு பற்றி எரியும்போதா அறைச் சண்டை? முதலில் அந்நியனை விரட்டுவோம், உள்வீட்டு விவகாரம் பிறகு' என்பர் சிலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டின் திண்ணையில் ஏறவும் உரிமை இல்லாதவனிடம் அல்லவா தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொல்கிறார்கள்! தீ அணைந்த பிறகு அவனை எங்கே நிறுத்துவார்கள்?

வேறு நாட்டார் கதையையும் பார்ப்போம். அதே 1808-இல் ஸ்பெயினுக்குள் நெப்போலியன் படை புகுந்தது. உழவரும் ஏழைகளும் மலைகளில் மறைந்து நின்று பேரரசனின் படையை அலைக்கழித்தனர். 'கெரில்லா' என்ற சொல்லே அந்தப் போரால்தான் உலகெங்கும் பரவிற்று. அங்கும் பாதிரிமார் முன்னின்று மதத்தின் பெயரால் மக்களை எழுப்பினர். வென்றனர். 1814-இல் ஏழாம் பெர்டினாண்டு அரியணைக்குத் திரும்பினான். திரும்பியவன், 1812-இல் மக்கள் மன்றம் வகுத்த அரசியல் சட்டத்தை ஒழித்தான். மனிதரை வாட்டி வதைத்த சமய விசாரணை மன்றத்தை மீண்டும் திறந்தான். குருதி குடியானவனுடையது; கொள்முதல் குருமாருக்கும் மன்னனுக்கும்! ஆனால் எயிட்டி என்னும் தீவில் நடந்தது வேறு. 1791-இல் கரும்புத் தோட்டத்து அடிமைகளே எழுந்தனர். 1801-இன் இறுதியில் நெப்போலியன் பெரும்படை அனுப்பினான். அந்தப் படையைக் காய்ச்சலும் கொன்றது, கறுப்பர் வீரமும் வென்றது. 1804 சனவரி முதல் நாள் அந்நாடு விடுதலை கொண்டது. அங்கே போரிட்டவனுக்குத் தான் எதற்குப் போரிடுகிறோம் என்பது தெரியும். தோற்றால் தன் கழுத்தில் மீண்டும் சங்கிலி ஏறும் என்பதும் தெரியும்.

வேலுத்தம்பியைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1804-இல் நாயர் படையினர், தங்கள் படி குறைக்கப்பட்டதற்காகக் கிளர்ந்தபோது, கும்பினிப் படையைத் துணைக்கு அழைத்து அடக்கியவர் இதே தளவாய்தான். அழைத்ததன் விலையை 1805 உடன்படிக்கை எழுதிற்று. ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய்! அந்தப் பாக்கிக்காக ரெசிடெண்ட் மெக்காலே கழுத்தை நெரித்த பிறகுதான் தளவாய் வாளெடுத்தார். (கல்வித் திட்டத்துக்குப் பேர்போன மெக்காலே அல்லர் இவர், அவருக்குப் பெரியப்பன்.) போர் நடந்தபோதும், ஆலப்புழைப் பகுதியில் கையில் சிக்கிய முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களை, ஒரு மருத்துவரோடு சேர்த்துக் கொன்று நீரில் தள்ளினர். அவர்களில் நோயாளிகளும் இருந்தனர். எதிர்க்கும் உரிமை, நோயாளியைக் கொல்லும் உரிமை ஆகிவிடாது. பிணத்தைத் தூக்கிலிட்டவனைப் பழிக்கும் நாம் இதையும் பழித்தாக வேண்டும்.

அப்படியானால் கும்பினிதான் மீட்பனா? அந்த மயக்கத்திலும் நாம் வீழமாட்டோம். ஆரல்வாய்மொழி அரணைத் தாக்கிய படையில், நம் நாட்டுக் கறுத்த சிப்பாய்களும் இருந்தனர். வயிற்றுக்காகச் சுட்டவர்கள் அவர்கள். ஆம், 1811-இல் திவான் பொறுப்பையும் ஏற்ற ரெசிடெண்ட் மன்றோ, அடிமை வாணிகத்துக்குத் தடை வரச் செய்தார். ஆனால் நிலத்தோடு கட்டுண்ட அடிமைக்கு அந்தத் தடை பயன்படவில்லை. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றார்; மேல்சாதியார் போடும் தோள்சீலையைப் போடலாம் என்று சொல்லவில்லை. 1829-இல் திருவிதாங்கூர் அரசு, தோள்சீலை கூடாது என்று மறுபடியும் ஆணையிட்டபோது, கும்பினியின் பீரங்கிகள் எங்கே போயின? எட்டு இலட்சத்துக்கு அசைந்த துப்பாக்கி, ஒரு பெண்ணின் மானத்துக்கு அசையவில்லை. நாஞ்சில் வயல்களின் அடிமைத்தளை சட்டத்தில் அறுந்தது 1855-இல். மார்பை மறைக்கும் உரிமை வந்தது, கலவரமும் கொளுத்தலும் கண்டபின், 1859-இல். ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்து அதற்குள் ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன!

வெளிநாட்டான் படை, உள்நாட்டான் தருமம் என்ற இரண்டுக்கும் நடுவே நின்ற மனிதனுக்கு வழி எது? அந்தக் கேள்விக்குக் குமரி மண்ணே ஒரு விடை தந்தது. போர் நடந்த அதே 1809-ஆம் ஆண்டில், பூவண்டன்தோப்பில் ஓர் ஏழைக் குடும்பத்தில் குழந்தையொன்று பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தனர். உங்கள் குலத்துக்கு முடிசூடும் பெயரா என்று உயர்சாதியார் உறுமவே, முத்துக்குட்டி என்று மாற்றினர் என்பது வழக்கு. அவரே பின்னாளில் வைகுண்டர் எனப்பட்டார். அவருடைய அவதாரப் பேச்சு நமக்கு உடன்பாடன்று. ஆனால் அவர் வெள்ளையனை வெண்நீசன் என்றார். திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்றார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினார். தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்தவர்களைத் தலைப்பாகையோடு வரச் சொன்னார். வேலுத்தம்பியின் மீது பாய்ந்த கும்பினிக்கு இவர் மீது பாயும் வேலை இருக்கவில்லை. கும்பினியின் காவலில் அரியணை காத்த அரசனே ஆள் அனுப்பி அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் அடைத்தான்.