அச்சம் வந்துற்றபோது



சென்ற பௌர்ணமி வழிபாட்டின்போது நம் சகோதரி ஒருவர் பாதியிலேயே எழுந்து வெளியே சென்றுவிட்டார். மறுநாள் அவர் இல்லம் சென்று வினவினேன். "ஐயா! நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, அக்கணமே இறந்துவிடுவேன் என்று தோன்றியது. திரிசரணம் ஏற்ற எனக்கு இத்தகைய பயம் வரலாமா? என் நம்பிக்கையில்தான் குறையோ?" என்று கண் கலங்கக் கேட்டார். அவ்வினாவிற்கு இன்று யாவர் முன்னிலையிலும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஏனெனில், இதே வினாவிற்கு முன்பொரு முறை தவறான விடை கூறியவன் யான்.

யான் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவன் என்பதைப் பலர் அறிவீர்கள். ஆலை மூடப்படும் என்ற பேச்சு எழுந்த காலத்தில், ஓர் இரவு ஷிப்டில், நூற்கும் எந்திரத்தின் அருகே நின்றிருந்தபோது, காரணம் ஏதுமின்றி என் இதயம் துள்ளிற்று. உடல் வியர்த்தது, விரல் நுனிகள் மரத்தன. மருத்துவமனையில் சோதித்து, இதயத்தில் பழுதில்லை என்றனர். உறவினரோ, "காற்றுக் கருப்பு பட்டிருக்கிறது; தாயத்துக் கட்டு" என்றனர். தாயத்தை மறுத்தேன், ஆனால் வெட்கத்தை மறுக்கவில்லை. பின்னர்த் தம்மப் பிரசாரம் செய்யத் தொடங்கியபோதும் அதனை எவரிடமும் கூறாது மறைத்தே வாழ்ந்தேன்.

இந்நிலையில்தான் ஓர் இளைஞர் என்னிடம் வந்து, இரயில் பெட்டியில் ஏறினாலே பீதி உண்டாவதாகக் கூறினார். என் கதையை அவரிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாக, "சீலம் தூயதாயின் அச்சம் அணுகாது, இன்னும் தியானம் செய்" என்றேன். அவர் விகாரைக்கு வருவதை நிறுத்தினார், இரயிலை விட்டார், வேலையை விட்டார், மதுவைப் பற்றினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய தாயார் சொல்லித்தான் இவற்றை அறிந்தேன். இன்று மருத்துவம் பெற்று அவர் வேலைக்குச் செல்கிறார். ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளை என்னால் திருப்பித் தர இயலாது.

யான் கூறியது தம்மத்திற்கே மாறானது. மஜ்ஜிம நிகாயத்தின் நான்காவது சூத்திரமாகிய பயபேரவ சூத்திரத்தில், போதி பெறுவதற்கு முன் தமக்கு நேர்ந்த அச்சத்தைப் பகவானே எடுத்துரைக்கின்றார். பக்ஷத்தின் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் இரவுகளில் அவர் அஞ்சத்தக்க வனங்களில் தங்கினார். ஒரு விலங்கு நடந்தது. ஒரு மயில் சுள்ளியை ஒடித்தது. காற்று சருகுகளை அசைத்தது. அவருக்கும் அச்சம் வந்தது. தம் ஒழுக்கம் தூயதென அறிந்தவருக்கே வந்ததென்றால், அச்சம் குற்றத்தின் அடையாளமன்று என்பது தெளிவாகின்றதன்றோ?

அப்போது அவர் என்ன செய்தார்? நடந்துகொண்டிருக்கையில் அச்சம் வந்தால் நடந்தபடியே இருந்தார்; அது அடங்கும்வரை நிற்கவுமில்லை, அமரவுமில்லை. அமர்ந்திருக்கையில் வந்தால் அமர்ந்தபடியே இருந்து அதனை வென்றார். ஓடவில்லை. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

இக்கால மருத்துவர்கள் கூறுவதும் இதனோடு ஒத்து நிற்கின்றது. ஆபத்து நேருங்கால் ஓடவோ போராடவோ உடலை ஆயத்தம் செய்வது அட்ரினலின் என்னும் சுரப்பு. ஆபத்தின்றியே அது பெருகுவதுதான் இத்திடீர்ப் பீதி. அளவுக்கு மீறி மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகின்றது. அதனால் தலை சுற்றும், விரல் மரக்கும். பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின் தானே தணியும். தோன்றுவது எதுவும் அழியும் என்ற அநித்தியம் இங்கும் உண்மையாகின்றது.

சம்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகளின் உவமை உண்டு. உடலில் எழும் துன்பம் முதல் அம்பு. அதனை எண்ணி மனம் வருந்துவது இரண்டாம் அம்பு. படபடப்பு முதல் அம்பு. "சாகப் போகிறேன், பிறர் நகைப்பர், மீண்டும் வருமோ" என்பதே இரண்டாவது. இரயிலையும் கடைத்தெருவையும் விகாரையையும் விலக்க வைப்பது இந்த இரண்டாம் அம்புதான். விலக்க விலக்க அச்சம் வளருமேயன்றித் தேயாது.

ஆலையில் ஓர் இழை அறுந்தால், புதிதாக வந்தவன் பதறுவான். பழகியவனோ, அந்த ஒரு கதிரை மட்டும் கையால் நிறுத்தி, இழையைப் பிணைத்து விடுவான். மற்றக் கதிர்கள் சுழன்றுகொண்டே இருக்கும். பீதி என்பது அறுந்த ஓர் இழை. அதற்காக வாழ்க்கை என்னும் எந்திரம் முழுவதையும் நிறுத்தலாகாது.

அச்சம் வந்துற்றபோது செய்யத்தக்கவை இவை. "இது பீதி, வந்தது போகும்" என்று மனத்திற்குள் பெயரிடுக. மூச்சை வலிந்து இழுக்காமல், மெல்ல நெடிதாக வெளியே விடுக. மூச்சைக் கவனித்தால் பதற்றம் மிகும் சிலர், பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடக்கலாம். விட்டு விலகிய இடத்திற்குச் சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்க. தேநீர், காப்பி, புகையிலை படபடப்பைத் தூண்டும். மது ஓரிரவு மறக்கச் செய்து மறுநாள் இரட்டிப்பாக்கும்; ஐந்தாம் சீலத்தின் அருமை இங்கு விளங்கும்.

மருத்துவரிடம் செல்லத் தயங்கலாகாது. முதன்முறையாக நெஞ்சு வலி வந்தால், அதைப் பீதியென்று நாமே முடிவு செய்யாமல், இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தைராய்டுக் கோளாறும் இவ்வாறு தோன்றுவதுண்டு. பீதி மீண்டும் மீண்டும் வருமாயின் மனநல மருத்துவரை நாடுக. பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் நன்கு பயன் தருகின்றன. 2022 அக்டோபர் 10 அன்று அரசு தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பகவானே மருத்துவர் ஜீவகரின் மருந்தை ஏற்றார். நாம் மருந்துண்பது தம்மத்திற்கு இழுக்காகுமோ?

உடனிருப்போர்க்கு ஒரு சொல்: "பயப்படாதே" என்று அதட்டாதீர்கள், பேயென்றும் கூறாதீர்கள். அருகில் அமர்ந்து, அது தணியும்வரை அமைதியாக இருங்கள். அதுவே கருணை.

சகோதரி! தங்கள் நம்பிக்கையில் குறையில்லை. எனக்கும் அச்சம் வருகின்றது. சென்ற மாதமும் வந்தது. அடுத்த பௌர்ணமியன்று வாயிலருகே தங்களுக்கு ஓரிடம் வைத்திருப்போம். வேண்டும்போது எழுந்து செல்லலாம். மீண்டும் வந்து அமரலாம். எவரும் திரும்பிப் பாரார்.

எல்லா உயிர்களும் அச்சம் தணிந்து வாழ்க!

நமோ புத்தாய.