மரமும் பூச்சியும்: சமண அறத்தின் தீர்ப்பு

பூந்தோட்டத்து மரத்தைக் காக்கப் பூச்சியைக் கொல்லலாமா என்பது சமண அறத்தில் எளிய கேள்வியன்று. அச்சமயத்தின்படி இரண்டுமே உயிர்கள். உயிர்களை அது புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது: மரத்துக்குத் தொடு உணர்வு மட்டும், புழுவுக்கு இரண்டு புலன்கள், எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு. தொல்காப்பிய மரபியலும் மரத்தை ஓரறிவிலும் எறும்பை மூவறிவிலும் வைக்கிறது. இந்த வரிசைப்படி, மரத்துக்காகப் பூச்சியைக் கொல்பவர் கீழ்ப்படி உயிருக்காக மேற்படி உயிரை அழிக்கிறார்.

மகாவிரதம் என்னும் பெருநோன்பு ஏற்ற துறவி இரண்டையும் துன்புறுத்தக் கூடாது. அணுவிரதம் என்னும் சிறுநோன்பு ஏற்ற இல்லறத்தாருக்குச் சற்று இடம் உண்டு. வேண்டுமென்றே கொல்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என இம்சை நான்காகப் பகுக்கப்படுகிறது. முதலாவதை அவர் அறவே விட வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும்.

சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கவனமற்ற செயலால் உயிரைப் போக்குவதையே இம்சை என்கிறது. ஆகவே நோயறிதலும் அறக்கடமை ஆகிறது. சரக்கொன்றையும் வாகையும் கோடைக்கு முன் இலை உதிர்ப்பது இயல்பு; அங்கே கொல்ல எதுவுமில்லை. வேரில் நீர் தேங்கினால் காற்றின்றி இலை பழுத்து உதிரும். வடிகால் வெட்டினால் போதும். இலை விளிம்பு கடிபட்டிருந்தால் கம்பளிப்பூச்சியோ வேறு புழுவோ காரணமாகலாம். கொன்றை இலையைத் தின்னும் புழுக்களில் சில பின்னர் வண்ணத்துப்பூச்சிகளாகும். வலுவான மரம் மீண்டும் துளிர்க்கும்.

இலையில் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் படிந்து, அடிமரத்தில் எறும்புச் சாரை ஏறினால் மாவுப்பூச்சியையோ செதில்பூச்சியையோ தேட வேண்டும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. எறும்பு ஏறாமல் தடுத்தால் பொறிவண்டுகள் வந்து அவற்றைத் தின்னும். இங்கே சிக்கல் எழுகிறது. செய்வது, செய்விப்பது, உடன்படுவது ஆகிய மூன்றையும் சமணம் வினையாகவே எண்ணுகிறது. பொறிவண்டுகளை வாங்கி விடுவது செய்விப்பது. தானே வருவதைக் கண்டு மகிழ்வதும் உடன்பாடே. பூச்சி மொய்த்த கிளையை வெட்டி ஒதுக்கினால் காயம் ஓரறிவு உயிரான மரத்துக்கு. ஆனால் கிளை காயும்போது அதிலுள்ள பூச்சிகளும் பட்டினியால் சாகக்கூடும். வினையே ஒட்டாத வழி இல்லை. குறைந்த வினையுள்ள வழி உண்டு.

அதைத் தேர வேண்டுமானால் முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். உயிர் போனாலும் போகாவிட்டாலும் கவனமின்மை உள்ள இடத்தில் இம்சை உண்டு என்கிறார் புருஷார்த்த சித்தியுபாயம் எழுதிய அமிர்தசந்திரர். அவர் கருத்துப்படி, காரணம் அறியாமல் மருந்து தெளிப்பவர், பூச்சியே இல்லாத மரத்தில் தெளித்தாலும் இம்சை செய்தவரே.